சொல்லாத தொகை

சென்ற தை மாதம் சிதம்பரத்தில் எங்கள் வங்கி ஓய்வூதியர்களின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. என்னைப் பேச அழைத்த இளம் அதிகாரி, நல்லெண்ணத்தோடுதான், அவையோருக்கு என்னை இப்படி அறிமுகப்படுத்தினார்: “சபாநாயகம் சார் முதுநகர் கிளையில மேனேஜரா இருந்தப்ப, ஒரு மீன்காரம்மாவோட பணத்தக் கேட்டு ஊரே திரண்டு வந்துச்சாம். சார் அசரலியே! ‘கணக்குல ஒன்னுமில்ல, காலி’ன்னு ஒரே பொய்யா அடிச்சு விட்டாராம். அந்தம்மா தப்பிச்சாங்க.”

அவை கைதட்டியது. என் அருகில் இருந்த பழைய காசாளர் என் தொடையைத் தட்டி, “பலே ஆளுய்யா நீ” என்றார். நான் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்து, “அது நடக்கவில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு, எனக்கு ஒதுக்கப்பட்ட தலைப்பில் பேசி அமர்ந்தேன். அடக்கத்தால் மறுக்கிறேன் என்று எண்ணி இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

புகழுக்காகப் பொய்யைச் சுமக்கும் வழக்கம் எனக்கு இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் இருந்தவன் ஒரு வாடிக்கையாளரின் இருப்புத் தொகையைத் தவறாகச் சொன்னான் என்பது, எவ்வளவு நல்ல காரணத்துக்காக இருந்தாலும், எனக்கு இழுக்கு. ஆகவே ஓய்வூதியர் ஆண்டு மலரின் குழுவினர் கட்டுரை கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். நடந்தது என்ன என்பதை, நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

என் ஊர் புவனகிரிக்குத் தெற்கே. நெல் விளைவிக்கும் குடும்பம். சிதம்பரத்தில் வணிகவியல் படித்தேன்; தேர்வு எழுதினேன்; வேலை கிடைத்தது. அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை, ஒரு சிறு சம்பவத்தைத் தவிர. முதல் மாதச் சம்பளம் இன்னதென்று என் தந்தையார் பெருமை தாங்காமல் ஊர்த் தேநீர்க் கடையில் சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் அந்தப் பணத்துக்கு வேலைகள் முடிவாகிவிட்டன. கோயில் மதில் சுவருக்கு ஒரு பங்கு, சித்தப்பா மகன் பள்ளிக் கட்டணம், எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றுவது, அக்காவுக்கு ஒரு கறவை மாடு. எல்லாமே நல்ல செலவுகள். மனமுவந்துதான் கொடுத்தேன். ஆனால் எனக்கென்று ஒரு மிதிவண்டி வாங்க வேண்டும் என்று நான் சொன்னபோது, “அதான் பஸ்ஸு ஓடுதே!” என்றார் சித்தப்பா. என் பணத்தில் என் செலவுக்கு மட்டும்தான் கேள்வி எழுந்தது.

அந்தக் கேள்விக்கு விடையை எனக்குக் காட்டியவர், நான் முதலில் பணியில் சேர்ந்த சிதம்பரம் கிளையின் மேலாளர் வைத்தியலிங்கம். முழுக்கைச் சட்டை, நெற்றியில் கீற்றாகத் திருநீறு, சட்டைப் பையில் எப்போதும் கூராகச் சீவிய ஒரு பென்சில். குரல் உயர்த்த மாட்டார், சிரிக்கவும் மாட்டார். பணியில் சேரும் நாளில் நாங்கள் எல்லோரும் ஓர் இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையொப்பம் இடுவோம். மற்ற கிளைகளில் அது பத்தோடு பதினொன்றாக ஒரு தாள். வைத்தியலிங்கம் என்னை உட்காரவைத்து, அதை உரக்கப் படிக்கச் சொல்லி, “புரிஞ்சுதா?” என்று கேட்டு, பிறகுதான் பேனாவைக் கொடுத்தார்.

அவர் கிளையில் எவருடைய இருப்பும் வாயால் சொல்லப்பட்டதில்லை. கேட்டவர் கணக்குதாரர்தானா என்று பார்த்து, அவரை அறைக்குள் அழைப்பார். தாமும் எழுந்து நிற்பார். வந்தவர் வயல் சேறு காயாத காலோடு வந்தாலும் நிற்பார். ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் தொகையை எழுதி, சீட்டைக் கவிழ்த்து மேசைமேல் தள்ளுவார். வந்தவர் எடுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்ததும் கிழித்து, குப்பைக்கூடையில் போடாமல் தம் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்வார். அவர் வீட்டில் வெந்நீர் அடுப்புக்குத் தினமும் அதுதான் பற்றவைக்கும் தாள் என்று கிளையில் ஒரு கேலி உண்டு.

ஒருநாள் அவ்வூரில் பெரிய நிலக்கிழார் ஒருவர் வந்தார். அவருடைய வைப்புத் தொகை எங்கள் கிளைக்கு ஒரு தூண். மகன் ஆசிரியர் வேலைக்குப் போய்த் தனியாகக் கணக்கு வைத்திருந்தார்.

“என்ன வைத்தியலிங்கம், எம்பையன் கணக்குல எவ்ளோ கெடக்கு?”

“உக்காருங்க. மோர் சாப்பிடுங்க.”

“மோர் கெடக்கட்டும்யா. தொகையச் சொல்லு.”

“தம்பி வந்து கேட்டா, தம்பிகிட்ட சொல்றேன்.”

“பெத்தவன் நான்!”

“பெத்தது நீங்க. கணக்கு தொறந்தது அவரு.”

நிலக்கிழார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் திகைத்தேன். ஒரு தந்தையிடம் இவ்வளவு விறைப்பு தேவைதானா என்று கேட்டும்விட்டேன். வைத்தியலிங்கம் பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார்: “ஒருத்தன்கிட்ட எவ்ளோ இருக்குன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, அது எதுக்குன்னு அந்த நாலு பேரே முடிவு பண்ணிடுவாங்க. அப்புறம் அது அவன் பணமில்ல, அவன்கிட்ட இருக்கிற பணம்.”

என் மிதிவண்டி நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் அவரிடம் அதைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை. அடுத்த மாதமே அவரிடம் ஒரு தனிக் கணக்கு தொடங்கினேன் என்பதையும், சில மாதங்களில் மிதிவண்டி வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டுகள் கழிந்தன. நெய்வேலி, பண்ருட்டி என்று சுற்றி, கடலூர் முதுநகர்க் கிளைக்கு நான் மேலாளராக வந்தேன். துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரம். காலையில் கதவு திறந்ததும் மீன் வாசனையும் உப்புக் காற்றும் சேர்ந்தே உள்ளே வரும். படகுக்காரர்கள், பனிக்கட்டி வியாபாரிகள், வலைக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் எங்களிடம் கணக்கு இருந்தது. தலையில் கூடை வைத்து மீன் விற்கும் பெண்கள் மட்டும் வருவதில்லை. வந்தவர் ஒருவர்தான். அவர் பெயர் அஞ்சலாட்சி.

துறைமுகத்தில் ஏலம் எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால்தான் அவர் எதற்காக வந்தார் என்பது விளங்கும். படகு வந்ததும் மீனைக் குவித்து ஏலம் விடுவார்கள். கூடைக்காரப் பெண்களில் பெரும்பாலோரிடம் அந்த நேரத்தில் கைப்பணம் இருக்காது. ஒரு வியாபாரி அவர்களுக்காகப் பணம் போடுவார். மாலையில் விற்று வந்து வட்டியோடு கட்ட வேண்டும். அதில் தவறென்று சொல்ல மாட்டேன். அவர் இல்லையென்றால் அடுப்பே எரியாது. ஆனால் பணம் போட்டவர் காட்டும் குவியலைத்தான் எடுக்க வேண்டும். நல்ல விலை போகும் சங்கரா மீன் வேண்டும் என்று வந்தவர், அன்று வியாபாரிக்குத் தள்ளிவிட வேண்டியது மலிவான கெளுத்தி என்றால் கெளுத்தியைத்தான் சுமந்து போக வேண்டும். விலையும் ஒரு பிடி கூடுதல். கையில் சொந்தப் பணம் வைத்திருப்பவர் அதே மீனைக் குறைந்த விலைக்கு எடுப்பார். பிடிக்கவில்லையென்றால் எடுக்காமலும் போவார். ஒரே கடல், ஒரே மீன், இரண்டு விலை. பணத்தின் மதிப்பு அதில் அச்சிட்ட எண்ணில் மட்டும் இல்லை என்பதை நான் கல்லூரியில் படித்தேன். கண்டது அந்த ஏலத் தளத்தில்.

கணக்கு தொடங்கும்போது எதற்காகச் சேமிக்கிறீர்கள் என்று நான் வழக்கமாகக் கேட்பதுண்டு. பெண் கல்யாணம், வீடு, நகை என்று ஏதாவது சொல்வார்கள். அஞ்சலாட்சி சற்று யோசித்துச் சொன்னார்:

“வேணாம்னு சொல்றதுக்கு சார்.”

“எதை?”

“எதயும் இல்ல சார். ஏலத்துல நின்னு, ‘இந்த மீனு எனக்கு வேணாம்’னு ஒரு நாளு சொல்லணும். அதுக்குக் கையில காசு வேணும்ல?”

வைத்தியலிங்கம் இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார் என்று தோன்றியது. நான் நின்றேன்.

அதற்குப் பின் அவர் வாரம் தவறாமல் வந்தார். கூடையை வாசலில் வைத்து, கையைத் துடைத்து, சிறிய தொகையைக் கட்டிவிட்டுப் போவார். பாஸ்புக்கை வங்கியிலேயே வைத்துக்கொள்ளும்படி ஒருமுறை கேட்டார். விதி இடம் தராது என்று மறுத்துவிட்டேன். சந்தையில் வெற்றிலைக் கடை வைத்திருந்த தோழியிடம் அதைக் கொடுத்துவைத்தார். கணவர் கலியபெருமாளுக்குத் தெரியாது.

கலியபெருமாள் கெட்டவர் அல்லர். பிறர் படகில் கூலிக்குப் போகிறவர். சொந்தப் படகில் பங்கு வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருடைய அண்ணன் ஒரு ஃபைபர் படகு வாங்க முயன்றுகொண்டிருந்தார். தம்பியைப் பங்குக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வங்கி வரிசையில் அஞ்சலாட்சியைப் பார்த்த யாரோ அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் முற்பகல், நான் கூடத்தில் காசாளர் அருகே அமர்ந்திருந்தபோது, அவர்கள் வந்தார்கள். அண்ணன், தம்பி, ஊர்ப் பெரியவர் ஒருவர், உடன் இன்னும் சிலர். அவர்களுக்குப் பின்னால், கூடை இல்லாமல், தலைகுனிந்து அஞ்சலாட்சி. வாடிக்கையாளர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அண்ணன் தொடங்கினார்: “சார், எங்க வூட்டுப் பொண்ணு இங்க பணம் போட்டு வெச்சிருக்குதாம். எவ்ளோன்னு சொல்லுங்க. ஃபைபர் போட்டு வாங்குறோம், பங்கு கட்டணும்.”

“கணக்கைப் பற்றிக் கணக்குதாரரிடம் மட்டுமே பேச முடியும்.”

“அதான் அதையும் இட்டாந்திருக்கமே! கேட்டுக்குங்க. ஏம்மா, சார சொல்லச் சொல்லு.”

எல்லோரும் திரும்பி அஞ்சலாட்சியைப் பார்த்தார்கள். அவர் நிமிரவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

இங்கேதான் என் பணியிலேயே கடினமான இடம் வந்தது. வாடிக்கையாளர் சம்மதித்தால் வங்கி தகவலைச் சொல்லலாம், அதுவும் விதிதான். தலையசைத்துவிட்டார். நான் மறுத்தால் வாடிக்கையாளரின் விருப்பத்தை மீறியவன் ஆவேன். சொன்னால் அந்தப் பணம் மறுநாளே படகில் ஏறிவிடும். அவர் மறுபடியும் கெளுத்தி சுமப்பார். இதற்கிடையே ஊர்ப் பெரியவர் அமைதியாக ஒன்றைச் சேர்த்தார்: “எங்க கோயில் திருவிழாப் பணம் பூராவும் உங்ககிட்டதான் கெடக்கு, சார்.” ஆண்டுக் கணக்கு முடியும் சமயம் அது. என் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்ததை அவர் அறிந்திருக்க முடியாது. நான் அறிவேன்.

அப்போது எனக்குத் துணிவு வந்தது என்று எழுதினால் அது மிகை. எனக்கு வந்தது ஒரு வழக்கம். எழுந்து நின்றேன்.

“கேட்டவர் கணக்குதாரர். பதிலும் அவருக்குத்தான். அம்மா, நீங்கள் மட்டும் உள்ளே வாருங்கள்.”

“நாங்களும் வர்றோம்” என்றார் அண்ணன்.

“அறையில் இரண்டு நாற்காலிதான் இருக்கிறது” என்றேன். உண்மையில் மூன்று இருந்தன. ஒன்றின் கால் உடைந்திருந்தது. ஆகவே அதுவும் பொய்யாகாது.

கதவைச் சாத்தி அஞ்சலாட்சியை உட்காரச் சொன்னேன். “வெளியே வந்து நான் சொல்லவா?” என்று கேட்டேன். “இங்கே நீங்கள் தலையசைத்தால் அது சம்மதம்.”

“சொன்னா போட்டுல போயிடும் சார். சொல்லாட்டி வூட்டுல சண்ட.”

“இரண்டில் எது என்பதை நான் தீர்மானிக்க முடியாது.”

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். நான் ஏதாவது யோசனை சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பணத்துக்கு முடிவு எடுப்பவர்களில் நானும் ஒருவன் ஆகியிருப்பேன். பிறகு அவர், “எழுதிக் குடுங்க” என்றார்.

பென்சிலால் எழுதினேன். கவிழ்த்துத் தள்ளினேன். அவர் எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இது பூராவும் என்னுதா சார்?”

“முழுவதும் உங்களுடையது.”

வழக்கப்படி சீட்டை வாங்கிக் கிழிக்கக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. சீட்டை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

“குடும்மா, பாப்போம்” என்று அண்ணன் கை நீட்டினார்.

அஞ்சலாட்சி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். ஒரு வெற்றிலையைத் தொடையில் தேய்த்துத் துடைத்தார். சுண்ணாம்பு தடவினார். சீட்டை அதன் நடுவில் வைத்து மடித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார்.

“என்னாம்மா பண்ற?” அண்ணனின் குரல் கீச்சிட்டது.

“சார் எங்கிட்ட சொல்லிட்டாரு மாமா” என்றார் அஞ்சலாட்சி, ஒரு கன்னத்துக்கு ஒதுக்கியபடி. “நான் கேட்டுக்கிட்டேன்.”

ஊர்ப் பெரியவர்தான் முதலில் வாய் திறந்தார்: “பாக்கு வெச்சியா தாயீ? சும்மா போட்டா நாக்கு வெந்துடும்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கலியபெருமாள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினார், தோள்கள் குலுங்கின. அண்ணன் அவரை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: “நீயாவது சொல்லுய்யா.”

“சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டேன்.”

நடந்தது இவ்வளவே. ‘காலி’ என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. நான் ஒரு தொகையைச் சொன்னேன். சரியான தொகையை, சரியான ஒருவரிடம்.

கோயில் திருவிழாப் பணம் அந்த வாரமே வேறு வங்கிக்குப் போயிற்று. மண்டல அலுவலகத்து மேலதிகாரி தொலைபேசியில், “ஒரு நம்பர் சொல்றதுல உங்களுக்கு என்ன சார் கஷ்டம்? குடும்ப விஷயம்தானே?” என்று கேட்டார். உறுதிமொழியின் வாசகத்தை நினைவிலிருந்து சொன்னேன். “எல்லாருந்தான் கையெழுத்துப் போட்டோம்” என்று இணைப்பைத் துண்டித்தார். அவ்வாண்டுப் பதவி உயர்வு எனக்கு வரவில்லை. அதை இன்று மனத்தாங்கலோடு எழுதவில்லை. ஏனென்றால் அதற்கு ஈடாக வந்தது வேறு.

அடுத்த மாதத்திலிருந்து கூடைக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். சேர்ந்து வர மாட்டார்கள். ஒருவர் எதிரில் நிற்கும் பஞ்சு மிட்டாய் வண்டியருகே நின்று, முன்னவர் போய்விட்டாரா என்று பார்த்து உள்ளே நுழைவார். “இங்க மேனேஜரு வாயத் தொறக்க மாட்டாராமே, நெசமா?” என்று என்னிடமே கேட்டார் ஒருவர். நெசம்தான் என்றேன். இப்படி வந்த சிறு தொகைகள் சேர்ந்து, போன திருவிழாப் பணத்தின் இடத்தை மெல்ல நிரப்பின. அதற்குப் பின்னர், பதவி உயர்வும் தானே வந்தது.

ஒரு படகுக் கடன் ஆய்வுக்காகத் துறைமுகத்துக்குப் போயிருந்த ஒரு காலையில், நான் அந்தக் காட்சியையும் கண்டேன். ஏலம் விட்டவர் ஒரு பெருத்த பெண்மணி. குரல் படகு எந்திரத்தை மிஞ்சியது. கெளுத்திக் குவியலை அஞ்சலாட்சி பக்கம் காலால் தள்ளி, “எடுத்துக்கோடி, நேரமாவுது” என்றார்.

“வேணாம்.”

“என்னாது?”

“வேணாங்கறேன்ல. அந்தச் சங்கராவ ஏலம் போடு, கேக்கறேன்.”

“மகாராணி காசு கொண்டாந்துட்டாங்கடி, வழி விடுங்க!” என்று ஏலக்காரி கத்த, சுற்றியிருந்த பெண்கள் குலவையிட்டார்கள். கேலியும் அதில் இருந்தது. அஞ்சலாட்சி என்னைக் கவனிக்கவில்லை. நானும் அருகே போகவில்லை. வாடிக்கையாளரை வங்கிக்கு வெளியே முதலில் நாம் வணங்கக் கூடாது என்பது வைத்தியலிங்கம் வகுத்த இன்னொரு முறை. நமக்கும் அவருக்கும் கணக்கு உண்டென்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

சில மாதங்கள் கழித்துக் கலியபெருமாள் தனியாக வந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், “எனக்கும் ஒன்னு தொறந்து குடுங்க சார்” என்றார். படிவத்தை எடுத்தேன். “அவகிட்டயும் சொல்லக் கூடாது” என்றார். எழுந்து நின்று, உறுதி கூறினேன். தொடங்கியதை மட்டும் எழுத அவரே அண்மையில் அனுமதி தந்தார்; அதற்கு மேல் அந்தக் கணக்கைப் பற்றி இங்கேயும் எதுவும் எழுத மாட்டேன்.

ஓய்வு பெற்றாலும் உறுதிமொழி ஓய்வு பெறுவதில்லை. ஆகவே இக்கட்டுரைக்கு அனுமதி கேட்க, சென்ற வாரம் முதுநகர்ச் சந்தைக்குப் போனேன். அஞ்சலாட்சி இப்போது கூடை சுமப்பதில்லை; சிமெண்டு மேடையில் சொந்தக் கடை. தலை நரைத்துவிட்டது, வெற்றிலைக் கறை அப்படியே இருந்தது. நான் பேசிக்கொண்டிருக்கையில் யாரோ மீன் வாங்கிக் கைப்பேசியில் பணம் செலுத்தினார்கள். மேடையில் இருந்த சிறு பெட்டி, சந்தை முழுவதும் கேட்கும்படி, இத்தனை ரூபாய் வந்தது என்று கத்தியது. வைத்தியலிங்கம் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பெட்டிமேல் தம் துண்டைப் போட்டு மூடியிருப்பார்.

“இதன் சத்தத்தைக் குறைக்கக் கூடாதா அம்மா? ஊருக்கே கேட்கிறதே!”

அஞ்சலாட்சி சிரித்தார். “கத்தட்டும் சார். வர்றதத்தான கத்துது? எவ்ளோ இருக்குன்னு அதுக்கு இன்னா தெரியும்?”

கட்டுரையை எழுதலாமா என்று மீண்டும் கேட்டேன்.

“எழுதுங்க சார், எம்பேரப் போட்டே எழுதுங்க” என்று ஒரு சங்கராவைத் தூக்கித் தராசில் போட்டார். “தொகைய மட்டும் எழுதிடாதீங்க.”

எழுதவில்லை. வைத்தியலிங்கம் அவர்களுக்கும், என்னை நம்பி வாசல் ஏறிய முதுநகர்ப் பெண்களுக்கும் என் நன்றியை மட்டும் எழுதுகிறேன். அன்று மீனுக்கு முதன்முறையாகக் கைப்பேசியில் பணம் செலுத்தினேன். பெட்டி நான் கொடுத்ததை உரக்கச் சொன்னது. எனக்கு மிஞ்சியதைச் சொல்லவில்லை.